வட்ட இயக்கமும் மையநாட்டமும்

உலகத்துப் பொருள்களின் இயக்கங்களை நோக்குமிடத்து, நேர்கோட்டிற் செல்வனவற்றினும் வளைந்தும் சுழன்றும் செல்வனவே மிகப் பலவாகக் காணப்படும். குயவனின் திரிகை சுழல்கின்றது. செக்கைச் சுற்றி எருது நடக்கின்றது. சிறுவன் கவண் சுழற்றுகின்றான். வீதி வளைவிலே பஸ்வண்டி திரும்புகின்றது. புவியோ தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஞாயிற்றையும் சுற்றி வருகின்றது. அப்புவியைத் திங்கள் சுற்றி வருகின்றது. மண்ணிலும் விண்ணிலும் நிகழும் இவ்வியக்கங்கள் யாவற்றையும் ஒரே விதி ஆளுகின்றது. அவ்விதியைப் படிப்படியாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர் பௌதிகத்துட் புகுதல் எற்றுக்கு என வினவுவார் உளராதல் கூடும். கலைச்சொற்களைப் படைத்தலும், படைத்த சொற்களின் பொருளை மாணவர் மயக்கமற உணரச் செய்தலும் தமிழாசிரியருக்கும் உரிய கடமையே என்பது எமது துணிபு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் இத்துறைக்கு வழி திறந்தார். இன்று எம்மாணவர் பௌதிகத்தைத் தாய்மொழியிலேயே கற்கின்றனர். ஆயினும் சொல் தாய்மொழியில் அமைந்துவிட்டதனாலேயே பொருள் விளங்கிவிட்டது எனக் கொள்ளல் ஆகாது. அதற்கு வட்ட இயக்கமே தக்க சான்றாகும்.

கயிற்றிற் கட்டிச் சுழற்றப்படும் கல்லொன்றின்மீது தாக்கும் விசைகளைக் குறித்துக் காட்டுமாறு மாணவரைக் கேட்டால், பலர் இரண்டு அம்புக்குறிகளை இடுவர். உள்நோக்கிய அம்பினருகே மையநாட்ட விசை என்றும், வெளிநோக்கிய அம்பினருகே மையநீக்க விசை என்றும் எழுதுவர். இரண்டும் சமன், ஆகவே கல் வட்டத்திலே நிற்கின்றது என விளக்கமும் கூறுவர். கேட்பதற்கு நன்றாயிருக்கும் இவ்விளக்கம் முற்றிலும் பிழையானது. அது பிழையாவது எங்ஙனம் என்பதை அறிந்தார் வட்ட இயக்கத்தின் சாரத்தை அறிந்தாராவர்.

நேரே செல்லலே இயல்பு

பண்டைக் கிரேக்க ஞானியாகிய அரிஸ்டோட்டில், வானத்துப் பொருள்களுக்கு வட்டத்திற் செல்லுதலே இயல்பு என்று கருதினார். வட்டம் தொடக்கமும் முடிவும் அற்றது, குறைவில்லாதது, ஆதலின் குறைவில்லாத வானத்துக்கு அதுவே ஏற்றது என்பது அவர் கொள்கை. இயல்பாய் உள்ளதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. ஆகவே விண்மீனும் கோளும் ஏன் வட்டமிடுகின்றன என்னும் வினா நெடுங்காலம் எழாமலே இருந்தது.

நியூற்றன் 1687 இல் வெளியிட்ட பிரின்சிப்பியா என்னும் நூல் இக்கொள்கையைத் தலைகீழாக்கிற்று. ஒரு பொருளின்மீது புறவிசை எதுவும் தாக்காதாயின், ஓய்ந்திருக்கும் பொருள் ஓய்ந்தேயிருக்கும். இயங்கும் பொருள் ஒரே கதியுடன் நேர்கோட்டிலே சென்றுகொண்டேயிருக்கும் என்பது அவருடைய முதலாம் விதி. பொருளின் இத்தன்மையையே சடத்துவம் என்கிறோம். இவ்விதியின்படி இயல்பானது நேர்கோடே. வளைவுதான் காரணம் வேண்டி நிற்பது. எங்கே ஒரு பொருள் வளைந்து செல்லக் காண்கின்றோமோ, அங்கே அதனை வளைக்கும் விசையொன்று உண்டு எனத் துணியலாம்.

இனி, முன்னே கூறிய மாணவரின் விளக்கத்தை இவ்விதியாகிய உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம். உள்நோக்கிய விசையும் வெளிநோக்கிய விசையும் சமனாயின், ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சும் விசை பூச்சியமாகும். விசை பூச்சியமாயின் கல் நேர்கோட்டிலே செல்ல வேண்டும். அதுவோ வட்டத்திற் செல்கின்றது. எனவே அவ்விரு விசைகளும் சமனாய் இருத்தல் இயலாது. கல்லின்மீது கிடைத்தளத்தில் உண்மையாகத் தாக்கும் விசை ஒன்றே. அது கயிற்றின் இழுவை. அது கையை நோக்கியே இழுக்கின்றது.

கதியும் வேகமும்

வட்டத்திற் சீராகச் செல்லும் பொருளின் விரைவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயினும் அதற்கு ஆர்முடுகல் உண்டு எனப் பௌதிக நூல்கள் கூறும். இங்கேதான் மாணவர் முதன்முதலில் இடர்ப்படுகின்றனர். அவ்விடர்ப்பாட்டிற்குச் சொல்லும் ஒரு காரணமாகும்.

முடுகுதல் என்பது விரைதல். செய்யுளிலே குற்றெழுத்துக்கள் அடுக்கி விரைந்து செல்லும் நடையை முடுகு என்றே இலக்கண நூலோர் வழங்குவர். தமிழகத்தார் முடுக்கம் என வழங்கும் சொல்லும் இவ்வடியிற் பிறந்ததே. எனவே ஆர்முடுகல் என்றவுடன் விரைவு மிகுதல் என்னும் எண்ணமே மாணவர் உள்ளத்தில் எழுகின்றது. பௌதிகத்தில் அதன் பொருள் அதனினும் அகன்றது. வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல்.

அங்ஙனமாயின் வேகம் யாது? எம் பாடநூல்கள் கதி என்றும் வேகம் என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்குகின்றன. கதி என்பது ஒரு செக்கனிற் கடக்கும் தூரத்தின் அளவு மாத்திரமே. வேகமோ அளவோடு திசையையும் உடையது. மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது கதி. வடக்கு நோக்கி மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது வேகம். வீதியோரப் பலகைகளிலும் நாளாந்தப் பேச்சிலும் வேகம் என்னும் சொல் கதியையே குறித்து நிற்றலின், வகுப்பறைப் பொருளை மாணவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

திசை மாறினாலும் வேகம் மாறிற்று என்றே கொள்ள வேண்டும். வட்டத்திற் செல்லும் பொருள் ஒவ்வொரு கணமும் தன் திசையை மாற்றிக்கொண்டே செல்கின்றது. ஆகவே அதன் கதி மாறாதிருப்பினும் வேகம் இடையறாது மாறுகின்றது. வேகம் மாறுமிடத்து ஆர்முடுகல் உண்டு. ஆர்முடுகல் உள்ளவிடத்து விசையும் உண்டு. கதியைக் கூட்டாமலும் குறையாமலும் திசையை மாத்திரம் மாற்றும் விசை, பொருள் செல்லும் திசைக்குச் செங்குத்தாக, வட்டத்தின் மையத்தை நோக்கியே தாக்குதல் வேண்டும்.

எவ்வளவு இழுத்தல் வேண்டும்?

மையம் நோக்கிய அவ்வார்முடுகலின் அளவைக் காண உயர்கணிதம் வேண்டியதில்லை; பைதகரசுத் தேற்றமே போதும். வட்டமொன்றை வரைந்து, அதன் உச்சிப் புள்ளியிலே தொடலி ஒன்றை வரைக. பொருள் அவ்வுச்சியில் இருக்கின்றது எனக் கொள்வோம். விசை எதுவும் இல்லையாயின், மிகச் சிறிய நேரமொன்றில் அது தொடலி வழியே சிறிது தூரம் நேரே செல்லும். உண்மையில் அது வட்டத்திலேயே நிற்பதனால், அந்நேரத்தில் தொடலியிலிருந்து மையத்தை நோக்கிச் சிறிது வீழ்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

தொடலி வழியே சென்ற தூரமும் வட்டத்தின் ஆரையும் செங்கோண முக்கோணியொன்றின் இரு பக்கங்களாகும். ஆரையோடு வீழ்ச்சியைக் கூட்டினால் வருவது அதன் செம்பக்கம். எனவே ஆரையின் வர்க்கத்தோடு தொடலித் தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டினால், ஆரையும் வீழ்ச்சியும் சேர்ந்த தொகையின் வர்க்கம் கிடைக்கும். இதனை விரித்து, மிகச் சிறியதாகிய வீழ்ச்சியின் வர்க்கத்தை நீக்கிவிட்டால், தொடலித் தூரத்தின் வர்க்கத்தை ஆரையின் இருமடங்கால் வகுக்க வருவதே வீழ்ச்சி என்பது பெறப்படும்.

இனி, சீரான ஆர்முடுகலுடன் வீழும் பொருள் கடக்கும் தூரம், ஆர்முடுகலின் அரைப்பங்கை நேரத்தின் வர்க்கத்தாற் பெருக்க வருவது என்பதைக் கலிலியோவின் காலந்தொட்டு அறிவோம். தொடலித் தூரம் கதியையும் நேரத்தையும் பெருக்கிய பெருக்கம். இவ்விரண்டையும் ஒப்பிட, நேரம் இருபுறத்திலும் நீங்கி, எளிய முடிபொன்று எஞ்சுகின்றது: கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் மையநாட்ட ஆர்முடுகல் வரும். அதனைப் பொருளின் திணிவாற் பெருக்கினால் மையநாட்ட விசை வரும்.

இம்முடிபை எண்களால் உணர்ந்துகொள்வோம். 200 கிராம் திணிவுள்ள கல்லொன்றை 1 மீற்றர் நீளமுள்ள கயிற்றிற் கட்டிச் செக்கனுக்கு 2 முறை சுழற்றுவதாகக் கொள்வோம். கல்லின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 12.6 மீற்றர். அதன் வர்க்கம் 158. கயிறு இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 32 நியூற்றன். கல்லின் நிறையோ 2 நியூற்றன் மாத்திரமே. தன் நிறையைப்போற் பதினாறு மடங்கு விசையால் அச்சிறு கல் இழுக்கப்படுகின்றது. சுழற்சியைச் செக்கனுக்கு 4 முறையாக்கினால் விசை இருமடங்காகாது. நான்மடங்காகி ஏறத்தாழ 126 நியூற்றனை எட்டும். நைந்த கயிறு அறுவது இதனாலேயே. கதி சிறிது மிகின் விசை பெரிதும் மிகும் என்னும் இவ்வுண்மையை மாணவர் நெஞ்சிற் பொறித்தல் வேண்டும். பின்னர் வீதியைப் பற்றிக் கூறுமிடத்து இது மீண்டும் வரும்.

நீர் நிறைந்த வாளியைத் தலைக்குமேலாகச் சுழற்றினும் நீர் சிந்தாதிருப்பதும் இவ்விதியினாலேயே. உச்சியிலே வாளி கவிழ்ந்திருக்கும்பொழுது நீரைப் புவியீர்ப்புக் கீழே இழுக்கின்றது. அவ்விழுப்பு முழுவதும் நீரை வட்டத்தில் வளைப்பதற்கே செலவாகிவிடுமாயின், நீர் வாளியை விட்டு நீங்காது. 1 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் இதற்கு உச்சியில் வேண்டிய கதி செக்கனுக்கு 3.1 மீற்றர், அஃதாவது 2 செக்கனுக்கு ஒரு சுற்று. அதனினும் மெதுவாகச் சுழற்றுவோர் நனைவது திண்ணம்.

வெளியே தள்ளுவது யாது?

வெளிநோக்கிய விசை இல்லையென்றால், வளைவிலே திரும்பும் பஸ்வண்டியில் நிற்பவர் வெளிப்புறமாகச் சாய்வது ஏன் என்று கேட்கப்படும். கேட்கத்தக்க வினாவே. பஸ்வண்டி இடப்புறம் திரும்புகின்றது. பயணியின் உடல் சடத்துவத்தினால் நேரே செல்ல முயல்கின்றது. வண்டி அவருக்குக் கீழே இடப்புறம் நகர்ந்துவிட, அவர் வலப்புறச் சுவரை அணுகுகின்றார். வீதியோரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தெளிவாகத் தெரியும்: பயணியை எதுவும் வெளியே தள்ளவில்லை, வண்டிதான் உள்ளே திரும்பிற்று. இறுதியிற் சுவரோ கைபிடிக் கம்பியோ அவரை உள்நோக்கித் தள்ளி வளைக்கின்றது.

வண்டியினுள் இருப்பவர் தம் வண்டியையே நிலையானதாகக் கொண்டு கணிக்க விரும்பினால், வெளிநோக்கிய ஒரு விசை இருப்பதாகப் பாவித்துக்கொண்டு கணித்தல் கூடும். அப்பாவனை விசைக்கே மையநீக்க விசை என்று பெயர். சுழலும் பொறிகளை ஆராயும் பொறியியலாளருக்கு அது பயன்படுகின்றது. ஆதலின் அச்சொல்லைப் பயனற்றது எனத் தள்ளிவிடலாகாது. ஆனால் வெளியே நின்று பார்ப்பவரின் படத்தில் அதற்கு இடமில்லை. இரு பார்வையையும் ஒரே படத்திற் கலந்துவிடுதலே மாணவர் செய்யும் பிழை.

கயிறு அறுந்தால் கல் எத்திசையிற் செல்லும் என்பது மற்றொரு நல்ல சோதனை. மையத்திலிருந்து நேரே வெளிநோக்கி என்பர் பலர். அது தவறு. அறுந்த கணத்தில் எத்திசையிற் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே, தொடலி வழியே செல்லும். இதற்குச் சான்று வேண்டுவோர் சாணைக்கல்லைப் பார்க்க. கத்தி தீட்டுமிடத்துப் பறக்கும் பொறிகள் மையத்திலிருந்து விரிவனவாய் இராது, கல்லின் ஓரத்தைத் தொட்டுச் செல்லும் தொடலிக் கோட்டிலேயே பறக்கும். மாரிகாலத்திற் செம்பாட்டு மண் வீதியிலே துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் சட்டையின் முதுகை நோக்கினும் இவ்வுண்மை புலப்படும். பின்னுருளையை விட்டு நீங்கிய சேறு தொடலி வழியே எழுந்து முதுகிற் படிகின்றது. அதனைத் தடுக்கும் பொருட்டே உருளையின்மேல் மட்கார்ட் அமைக்கப்படுகின்றது. ஆடை கழுவும் பொறியிலும் இதுவே நிகழ்கின்றது. துளைகளுள்ள உருளைச்சுவர் ஆடைகளை உள்நோக்கித் தள்ளி வளைக்கின்றது. துளைக்கு நேரே வந்த நீரை வளைப்பதற்குச் சுவர் இல்லை. ஆகவே அது நேரே வெளியேறிவிடுகின்றது.

இச்சொற்களின் வரலாறும் அறியத்தக்கது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1673 இல் வெளியிட்ட ஊசற் கடிகாரம் பற்றிய நூலில் வட்ட இயக்கத்தின் விசை பற்றிய முடிபுகளைத் தந்தார். அவர் இலத்தீன் மொழியில் வழங்கிய பெயருக்கு மையத்தை விட்டு ஓடுவது என்பது பொருள். நியூற்றன் அதற்கு எதிராக, மையத்தை நாடுவது என்னும் பொருள்படப் புதுச்சொல் ஆக்கினார். ஒரு சொல்லின் மாற்றத்தினாலே பார்வை முழுவதும் மாறிற்று. வெளியே ஓடுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்கள், உள்ளே இழுப்பது யாது என்று தேடத் தொடங்கினர்.

தமிழிலே நாட்டம் என்பது நாடுதலையும் விருப்பையும் நோக்கத்தையும் குறிக்கும் சொல். தமிழகத்தார் மையநோக்கு விசை என்பர். இரண்டும் பொருள் நிறைந்த ஆக்கங்களே. ஒன்றை மாத்திரம் நினைவிற்கொள்ள வேண்டும். மையநாட்ட விசை என்பது இழுவை, உராய்வு, ஈர்ப்பு என்பவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு விசை அன்று. அவற்றுள் எது மையத்தை நோக்கித் தாக்கி வட்டத்தை உண்டாக்குகின்றதோ, அதற்கு அத்தொழில்பற்றி வந்த பெயரே மையநாட்டம். ஆசிரியர் என்பது ஒருவருடைய தொழில்பற்றிய பெயராயிருப்பதுபோல எனக் கொள்க. கவணில் அது கயிற்றின் இழுவை. வீதியில் அது உராய்வு. வானத்தில் அது ஈர்ப்பு.

வீதி வளைவும் உயிர்க் காப்பும்

பரீட்சைக்கு மாத்திரமன்றி வாழ்க்கைக்கும் வேண்டப்படும் பகுதி இதுவாகும். மட்டமான வீதி வளைவிலே மோட்டார்ச் சைக்கிளையோ காரையோ வளைப்பது ரயருக்கும் வீதிக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றே. கைபிடியைத் திருப்புவதனால் மாத்திரம் வண்டி திரும்பிவிடாது. திருப்பிய உருளையை வீதி பக்கவாட்டில் தள்ளினாற்றான் திரும்பும். அவ்வாறு வீதி தரக்கூடிய விசைக்கு எல்லை உண்டு. வேண்டப்படும் விசையோ கதியின் வர்க்கத்தோடு வளர்கின்றது.

30 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த வீதியின் உராய்வுக் குணகத்தை 0.7 எனக் கொண்டால், வழுக்காமற் செல்லக்கூடிய உச்சக் கதி செக்கனுக்கு 14.3 மீற்றர், அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 52 கிலோமீற்றர். மழையினால் அக்குணகம் 0.4 ஆகக் குறைந்தால், உச்சக் கதி மணிக்கு 39 கிலோமீற்றராகும். மணல் பரவி 0.2 ஆகக் குறைந்தால், 28 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கிவிடும். நேற்று 45 கிலோமீற்றரிற் கடந்த வளைவை இன்று மழையில் அதே கதியிற் கடக்க முயல்பவர், வீதி தரமுடியாத விசையை வீதியிடம் கேட்கின்றார். வீதி தராது, வண்டி தொடலி வழியே செல்லும். அத்தொடலியின் முடிவில் மதிலோ மரமோ எதிரே வரும் வண்டியோ இருக்கக்கூடும்.

இக்கணக்கிலே திணிவு இடம்பெறாமையை உற்று நோக்குக. வேண்டப்படும் விசையும் உராய்வு தரும் விசையும் ஒருங்கே திணிவோடு வளர்வதனால், அது இருபுறத்திலும் நீங்கிவிடுகின்றது. எனது வண்டி பாரமானது, வழுக்காது என்று எண்ணுவது வீண் துணிவாகும். பாரத்தை உயரத்தில் ஏற்றிய வண்டியோ வழுக்குமுன்னே கவிழ்ந்துவிடவும் கூடும்.

வளைவின் நடுவிலே தடுப்பை அழுத்துவதும் ஆபத்தானது. உராய்வு தரக்கூடிய விசை ஒரு குறித்த அளவே. அதில் ஒரு பங்கை வண்டியை மந்தமாக்குவதற்குச் செலவிட்டால், வளைப்பதற்கு எஞ்சுவது குறையும். ஆகவே வளைவுக்கு முன்னரே கதியைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும் எனச் சாரதிகள் கற்பிக்கப்படுவது வெறும் சம்பிரதாயம் அன்று. பௌதிக விதியே அது.

உராய்வை மாத்திரம் நம்பியிராது பிற வழிகளும் கையாளப்படுகின்றன. வளைவிலே வீதியின் வெளியோரத்தை உயர்த்தினால், வீதி வண்டியைத் தாங்கும் எதிர்த்தாக்கத்தின் ஒரு பகுதி மையத்தை நோக்கித் தாக்கும். கடுகண்ணாவை ஏற்றத்திலே புகையிரதம் வளைந்து ஏறுவதைக் கண்டோர் பலர். அத்தகைய வளைவுகளில் வெளித் தண்டவாளம் உட்தண்டவாளத்தினும் சிறிது உயர்த்தி இடப்படுவதும் இதன் பொருட்டே. துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் வளைவில் உட்புறமாகச் சாய்தலும் ஒருவாறு இதனோடு ஒத்ததே. சாயாது நிமிர்ந்திருப்பின், வீதியின் உராய்வு உருளையை உள்ளே இழுக்க உடல் வெளியே கவிழும். சாய்ந்தவிடத்து, உராய்வும் எதிர்த்தாக்கமும் சேர்ந்த விசை உடலின் புவியீர்ப்பு மையத்தினூடாகச் சென்று அவரைக் கவிழாது காக்கின்றது. விழாக்காலங்களில் மரணக்கிணற்றினுள் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரைச் சுவரின் எதிர்த்தாக்கம் வளைக்க, உராய்வு கீழே விழாது தாங்குகின்றது. அங்கே விரைவே காப்பு. வீதி வளைவிலோ விரைவே கேடு. விதி ஒன்றாயினும் இடம் வேறு என்பதை இளைஞர் மறத்தலாகாது.

திங்களும் செய்ம்மதியும்

கயிறும் வீதியும் இல்லாத வானத்திலே திங்களை வளைப்பது யாது? மரத்திலிருந்து பழத்தை வீழ்த்தும் ஈர்ப்பே திங்களையும் வளைக்கின்றதோ என நியூற்றன் வினவினார். அவ்வினாவுக்கு விடைகாண மேலே கூறிய முடிபே கருவியாயிற்று.

திங்கள் புவியின் மையத்திலிருந்து சராசரி 3,84,400 கிலோமீற்றர் தூரத்தில் 27.32 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றது. இதிலிருந்து அதன் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 1.02 கிலோமீற்றர் எனக் கணிக்கலாம். கதியின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுக்க, ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.0027 மீற்றர் என வரும். புவியின் மேற்பரப்பில் வீழும் பொருளின் ஆர்முடுகலோ 9.8 மீற்றர். முன்னையது பின்னையதில் ஏறத்தாழ 3,600 இல் ஒரு பங்கு. திங்களின் தூரமோ புவியின் ஆரையைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. 60 இன் வர்க்கம் 3,600 அன்றோ! தூரத்தின் வர்க்கத்திற்கேற்ப ஈர்ப்புக் குறைகின்றது என்பதும், பழத்தையும் திங்களையும் இழுப்பது ஒன்றே என்பதும் இவ்வொரு கணக்கினாலே விளங்குகின்றன. மண்ணுக்கு ஒரு விதி, விண்ணுக்கு ஒரு விதி என்னும் பழங்கொள்கை இத்துடன் வீழ்ந்தது.

இதனின்று செய்ம்மதியின் தத்துவமும் பெறப்படும். வீழும் பொருள் முதற் செக்கனில் 4.9 மீற்றர் வீழ்கின்றது. புவியின் உருண்டை வடிவினாலே, அதன் மேற்பரப்பு 7.9 கிலோமீற்றர் தூரத்தில் தொடலியிலிருந்து அதே 4.9 மீற்றர் தாழ்ந்துவிடுகின்றது. ஆகவே செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் கதியுடன் கிடையாக எறியப்பட்ட பொருள், வளியின் தடை இல்லையாயின், வீழ்ந்துகொண்டே இருக்கும், நிலத்தை அடையாது. 1957 ஒக்டோபர் 4 ஆம் நாள் ஏவப்பட்ட ஸ்புட்னிக் இவ்வாறே 96 நிமிடத்துக்கு ஒரு முறை புவியைச் சுற்றிற்று. 1961 ஏப்ரல் 12 இல் யூரி ககாரின் விண்ணிற் சென்று மீண்டார். அவ்வாண்டு மார்கழியில் இலங்கைக்கும் வருகை தந்தார்.

விண்கலத்தில் மனிதர் மிதப்பதைக் கண்டு, அங்கே ஈர்ப்பு இல்லை என எண்ணுதல் மற்றொரு மயக்கம். 400 கிலோமீற்றர் உயரத்திற் புவியீர்ப்பு மேற்பரப்பில் உள்ளதன் பத்தில் ஒன்பது பங்களவு இருக்கின்றது. ஈர்ப்பு இல்லையாயின் கலம் தொடலி வழியே சென்று மறைந்துவிடும். கலமும் மனிதரும் ஒருங்கே வீழ்ந்துகொண்டிருப்பதனால், ஒருவரை மற்றொன்று தாங்க வேண்டியதில்லை, அதனாலேயே மிதக்கின்றனர்.

ஆரை பெருகப் பெருகச் சுற்றும் காலம் பெருகும். சுற்றுக்காலத்தின் வர்க்கம் ஆரையின் கனத்தோடு நேர்விகிதமுடையது எனக் கெப்பிளர் 1619 இற் கூறினார். அவர் கண்டது ஞாயிற்றைச் சுற்றும் கோள்களுக்கு. ஈர்ப்பு விதி ஒன்றேயாதலின் புவியைச் சுற்றுவனவற்றிற்கும் அது பொருந்தும். இதனைக்கொண்டு, சரியாக ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றும் செய்ம்மதி எத்தூரத்தில் இருக்கும் எனத் திங்களோடு ஒப்பிட்டுக் காணலாம். 27.32 இன் வர்க்கம் ஏறத்தாழ 746; அதன் கனமூலம் ஏறத்தாழ 9.07. திங்களின் தூரத்தை இதனால் வகுக்க, புவி மையத்திலிருந்து ஏறத்தாழ 42,400 கிலோமீற்றர் என வரும். நுட்பமான அளவு 42,164. புவியின் ஆரையைக் கழித்தால், நிலத்துக்குமேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர். மத்தியகோட்டுக்கு நேர்மேலே அத்தூரத்தில் புவியோடு ஒத்துச் சுழலும் செய்ம்மதி, நிலத்தில் நிற்பவருக்கு அசையாது நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று செய்ம்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்பதை 1945 ஒக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் என்னும் சஞ்சிகையில் எழுதியவர் ஆதர் சீ. கிளார்க். அவர் 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்து, 2008 இற் கொழும்பிற் காலமானார். அவர் கூறியது 1964 இற் கைகூடிற்று. இன்று எம் வீட்டுக் கூரைகளிலுள்ள அன்ரனாக்கள் அசையாது ஒரே திசையை நோக்கி நிற்பதும் அவ்வட்டத்தின் பயனே.

முடிபு

கவண் கல்லிலே தொடங்கிய ஆராய்ச்சி செய்ம்மதியில் வந்து நிற்கின்றது. எங்கும் கண்டது ஒன்றே. நேரே செல்வது பொருளின் இயல்பு. அதனை வட்டத்தில் நிறுத்துவது மையத்தை நோக்கிய ஓர் இழுப்பு. அவ்விழுப்பு நீங்கிய கணமே பொருள் தொடலி வழியே செல்லும். இதனைத் தன் சொந்தச் சொற்களால் விளக்கவல்ல மாணவன், சூத்திரத்தை மறந்தாலும் மீண்டும் தானே பெற்றுக்கொள்வான். சூத்திரத்தை மாத்திரம் மனனஞ் செய்தவனோ, வினா சிறிது திரும்பினும் தடுமாறுவான்.

மாணவர் செய்யத்தக்க சிறு பயிற்சிகள் மூன்றை இங்கே தருகின்றோம். முதலாவது, மழைவிட்ட பின்னர்த் துவிச்சக்கரவண்டியின் உருளையைத் தூக்கிச் சுழற்றி, நீர்த்துளிகள் பறக்கும் திசையை வரைக. இரண்டாவது, தாம் நாளும் செல்லும் வீதி வளைவொன்றின் ஆரையை மதிப்பிட்டு, மழையில் அதனைக் கடக்கத்தக்க உச்சக் கதியைக் கணிக்க. மூன்றாவது, திங்களின் கணக்கை நூலைப் பாராது தாமே செய்து முடிக்க. இம்மூன்றையும் செய்தவருக்கு மையநாட்டம் என்பது வெறுஞ்சொல்லாய் இராது.

வாழ்க தமிழ்க் கல்வி! வளர்க எம் கல்லூரி!